சுருக்கமான வகையைச் சேர்ந்தவர்

பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கிக்குப் பின்னால் உட்கார்ந்து, வராத பேருந்தை வரும் வரும் என்று சொல்லியே தலை நரைத்துப் போனவர் மைக் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ ஒன்று. அது அலுவலகக் கோப்பில் இருப்பதோடு சரி. "இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்று அவர் அறிவித்தால், விவரம் தெரிந்த பயணிகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார்கள். குரலில் அப்படி ஒரு கம்பீரம். சொன்ன வாக்குதான் பலிக்காது.

அவருக்கு வலது நுரையீரலில் ஒரு கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுவை டாக்டர் நுரையீரலின் மேல் பகுதியைக் கட்டியோடு சேர்த்து அறுத்தெடுத்தார். இந்த டாக்டர் வார்த்தையை எண்ணிச் செலவழிக்கிற மனிதர். மயக்கம் தெளிந்ததும் வந்து கட்டிலருகே நின்றார்.

"முழுசா வந்துடுச்சு. வேற எங்கயும் பரவல. மூச்சுப் பயிற்சி பண்ணுங்க, நடங்க. விலாவுல இருக்கற குழாயை எடுத்ததும் வீட்டுக்குப் போகலாம்."

குழாயையும் எடுத்தார்கள். மைக் அண்ணனின் மனைவி துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். அவள் சலவைக் கடை வைத்திருப்பவள். ஆஸ்பத்திரித் துண்டைக்கூடக் கத்தி முனை போல் மடிப்பு வைத்துத்தான் மடிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷனைத் திட்டாமல் அவளுக்கு ஒரு பொழுது போனதில்லை. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதுகூட, "வாயைப் பொளந்துக்கிட்டு தூங்காதீங்க, டாக்டர் என்ன நினைப்பாரு" என்றுதான் வழியனுப்பி வைத்தாள். மைக் அண்ணனுக்கு அது பழகிய பாட்டு. அதைக் கேட்டுக்கொண்டேதான் அவர் தைரியமாக மயங்கினார்.

பையின் ஜிப்பை இழுக்கப் போகும் நேரத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் இளம்பெண் உள்ளே வந்தாள். மூன்றாவது மாடியில் இருக்கும் 'அறுவைக்குப் பிந்தைய ஆயுள் முன்கணிப்பு உயர் மையம்' என்ற துறையின் கணிப்பு அதிகாரி அவள். அந்த இடத்தில் முன்பு கேன்டீன் இருந்தது. கேன்டீனைத் தூக்கிவிட்டுக் கம்பளம் விரித்து மையத்தை வைத்திருந்தார்கள். பழைய நினைப்பில் பிளாஸ்க்கோடு டீ வாங்கப் போனவர்கள் சிலர் கணிப்போடு திரும்பி வந்தார்கள்.

"எங்க கிளம்பறீங்க?" என்றாள் அதிகாரி.

"வீட்டுக்கும்மா. கட்டி போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"கட்டி பழைய கதை சார். நீங்க எவ்வளவு காலம் இருப்பீங்கங்கறதுதான் இப்ப எங்க கவலை."

மைக் அண்ணனுக்கு அந்தக் கவலை அதுவரை அவ்வளவாக இல்லை. அவள் சொன்ன பிறகு வந்துவிட்டது.

அவள் பொறுமையாக விளக்கினாள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் உண்டு. உடம்பில் எங்காவது அழற்சி, அதாவது வீக்கம், புண், காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் அவற்றில் ஒரு வகை கூட்டமாக ஓடி வரும். இன்னொரு வகை நிதானமாக நின்று காவல் காக்கும். ஓடி வருவதைக் காவல் காப்பதால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். எண் சின்னதாக இருந்தால் நோயாளி 'நீண்ட வகை'. பெரிதாக இருந்தால் 'சுருக்கமான வகை'.

"நடுவுல இருந்தா?" என்று கேட்டாள் மனைவி.

"நடுத்தர வகை. அதுல ஆளுங்க நிறைய சேர்றதை எங்க இயக்குநர் விரும்பறதில்ல. எந்தப் பக்கமும் சாயாதவங்களை வச்சு என்ன கட்டுரை எழுத முடியும்?"

எண் ஓரிடத்தில் நிலைக்கும் வரை யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பது மையத்தின் விதி. நிலைக்காதவர்கள் வெளியே போய் இஷ்டத்துக்குப் பிழைத்துக்கொண்டால் வளைகோடு கெட்டுவிடும். வளைகோடு என்பது மையத்தின் வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்த படம். மேலே ஆரம்பித்துப் படிக்கட்டு போலக் கீழே இறங்கிக்கொண்டே போகும். அதில் ஒவ்வொரு படியும் போய்ச் சேர்ந்த ஓர் ஆள். அதன் மேல் தூசி படியாமல் துடைக்கத் தனி ஊழியர் இருந்தார். நோயாளிகளின் அறையைத் துடைக்கத்தான் ஆள் பற்றாக்குறை.

ரத்தம் எடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்த உடம்பு. அழற்சி இல்லாமல் இருக்குமா? எண் வானத்துக்கு ஏறி நின்றது. சுருக்கமான வகை என்று ஒரு சீட்டைக் கட்டிலின் கால்மாட்டில் ஒட்டிவிட்டுப் போனாள் அதிகாரி.

மனைவி அந்தச் சீட்டைப் பார்த்தபடி நின்றாள். பிறகு மெல்ல வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, தலையணையைக் கொஞ்சம் உசத்தி வைக்கட்டுமா?" என்றாள். குரல் பஞ்சு மாதிரி இருந்தது.

மைக் அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். எண் பெரிதானபோதுகூட அவர் இவ்வளவு பயப்படவில்லை. வேண்டுமென்றே தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டுப் பார்த்தார். "பரவாயில்லங்க, கை தவறுறது சகஜம்தானே" என்று சொல்லிக்கொண்டே துடைத்தாள் அவள். கதை முடிந்தது என்று மைக் அண்ணன் முடிவு கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு எண்ணை இறக்கும் வேலை ஆரம்பமாயிற்று. காலையிலும் ரத்தம், மாலையிலும் ரத்தம். எடுக்க வருபவரை எல்லாரும் ஊசி அக்கா என்றார்கள். நல்ல மனுஷி; குத்துவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்பார். குத்திய இடமெல்லாம் சிவந்து வீங்கியது. இடது கை வீங்கியதும் வலது கைக்குப் போனார். அதுவும் வீங்கியதும் புறங்கைக்கு வந்தார். எண் ஏறிக்கொண்டே போனது.

"அக்கா, குத்தறதாலதான் வீங்குது. வீங்கறதாலதான் எண் ஏறுது. குத்தாம இருந்தா இறங்கிடாதா?" என்று கேட்டார் மைக் அண்ணன்.

"இறங்கிடும்தான்."

"அப்ப விட்டுடுங்களேன்."

"எண் ஏறியிருந்தா இன்னும் அதிகமா எடுத்துப் பார்க்கணும்னு விதிங்க. இறங்கினாதான் நிறுத்தலாம். கொஞ்சம் காலைக் காட்டுங்க."

எண்ணை இறக்க அமைதி உதவும் என்று எங்கோ படித்துவிட்டு, வார்டுக்கு ஓர் அமைதி அலுவலரை நியமித்திருந்தார்கள். அவர் கட்டில் கட்டிலாகப் போய், "யாரும் பதட்டப்படக் கூடாது!" என்று கத்துவார். சிரிப்பதும் தடை. விளையாட்டுச் செய்தியும் தடை. ஒருநாள் அவர் போட்ட சத்தத்தில் வார்டு முழுக்க எண் ஏறிவிட, அன்று மாலை இரண்டு மடங்கு அமைதி கடைப்பிடிக்கப்பட்டது. மறுநாள் அலுவலருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

எதிர்க் கட்டிலில் இருந்தவர் ஒரு ரொட்டிக் கடைக்காரர். அவர் கதை இன்னும் மோசம். வெகு காலத்துக்கு முன்பே ஆபரேஷன் ஆகி, சுருக்கமான வகையில் சேர்ந்து, கணிப்புப்படி எப்போதோ போயிருக்க வேண்டியவர். அதை மறந்துவிட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டு, பேரப்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நன்றாக இருந்தார். சாதாரணப் பரிசோதனைக்கு வந்தவரை, ஏன் இன்னும் இருக்கிறார் என்று விசாரிப்பதற்காகப் பிடித்து வைத்திருந்தார்கள். மையத்தின் இயக்குநர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் ரொட்டிக் கடைக்காரர் எழுந்து நின்று, "மன்னிச்சுக்கங்க சார்" என்பார்.

"முயற்சி பண்றீங்களா?" என்று கேட்பார் இயக்குநர்.

"பண்றேன் சார். ஆனா பசி நல்லா எடுக்குது."

இயக்குநர் வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டுப் போவார். தனக்கும் ஒருநாள் இப்படி மன்னிப்புக் கேட்கிற பாக்கியம் கிடைக்குமா என்று மைக் அண்ணன் ஏங்கினார்.

இந்த நிலையில் மையத்தின் ஆண்டு விழா வந்தது. கீழ்த்தள மண்டபத்தில் ஏற்பாடு. நோயாளிகள் வகைவாரியாக உட்கார வேண்டும். நீண்ட வகைக்கு மெத்தை நாற்காலி, சுருக்கமான வகைக்குக் கதவோரம் பெஞ்சு. சீக்கிரம் கிளம்புகிறவர்கள் கதவருகே இருப்பதுதான் வசதி என்று விளக்கம் சொன்னார்கள். விழாவைத் தொகுத்து வழங்க வேண்டியவர் அமைதி அலுவலர். அவருக்குத்தான் தொண்டை அழற்சியாயிற்றே! அழற்சி உள்ளவரை அந்த மேடையில் ஏற்றுவது அபசகுனம் என்று பட்டிருக்க வேண்டும். ஊசி அக்கா அதிகாரியின் காதைக் கடித்தார். "அந்தப் பேருந்து நிலையத்து ஆளைக் கேட்டுப் பாருங்களேன்."

மனைவி கைத்தாங்கலாக மேடை வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். மைக்கைப் பிடித்ததும் மைக் அண்ணனுக்குக் கண் கலங்கியது. முதல் வாக்கியத்தில் மூச்சு பாதியில் நின்றது. இரண்டாவதைச் சின்னதாக்கிக்கொண்டார். மூன்றாவதிலிருந்து பழைய குரல் வந்துவிட்டது. பின்வரிசையில் ஓர் ஆள் பழக்கதோஷத்தில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

இயக்குநர் பேச வந்தார். ஒரு கன்னத்தைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார்.

"பெரியோர்களே! ஒரு காலத்தில் நோயாளி பிழைப்பாரா என்று கேட்டால் மருத்துவர்கள் 'பார்ப்போம்' என்றார்கள். எவ்வளவு அநாகரிகமான சொல்! இந்த மையம் அந்தச் சொல்லை ஒழித்துக் கட்டியிருக்கிறது. குணப்படுத்துவது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. அது சில சமயம் தானாகவே நடந்துவிடுகிறது. சொன்னபடி நடக்க வைப்பதுதான் விஞ்ஞானம். சென்ற ஆண்டு நாங்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவை நடந்தன. நடக்காதவற்றை 'நோயாளிகளின் ஒத்துழையாமை' என்ற தலைப்பில் தனியாகக் காட்டியிருக்கிறோம். சிலர் சொன்னதற்கு முன்பே போய்விட்டார்கள், அவர்களை மன்னித்துவிட்டோம். சிலர் இன்னும் போகவில்லை. அவர்கள் மீது விசாரணை நடக்கிறது."

ரொட்டிக் கடைக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து மண்டபத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பலத்த கைதட்டல்.

அடுத்து ஒரு புதிய இயந்திரத்தின் அறிமுகம். ஒரு சொட்டு ரத்தம் விட்டால் போதும், எண்ணும் வகையும் பெரிய திரையில் வந்துவிடும். சிறப்பு விருந்தினரைக் கூப்பிட்டார்கள். அவர் இரு கைகளையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, தான் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் இயக்குநரே வீரமாக விரலை நீட்டினார்.

இயந்திரம் முனகியது. திரை மின்னியது. அறிவிப்பு செய்வது மைக் அண்ணனின் கடமை. பேருந்து நிலையத்தில் வாசித்த அதே கம்பீரத்தோடு வாசித்தார்.

"மதிப்புக்குரிய இயக்குநர் அவர்கள். வகை: சுருக்கமானது. இன்று இந்தக் கட்டடத்தில் பதிவானதிலேயே மிக உயர்ந்த எண். தயவுசெய்து கவனிக்கவும்."

இயக்குநர் இயந்திரத்தைத் தட்டினார். விற்க வந்த நிறுவனத்துக்காரர், "போன வாரம்தான் சார் இதுல தப்பே வராதுன்னு எழுதிக் குடுத்தீங்க" என்று பணிவாக நினைவூட்டினார்.

"ஐயோ, இது பல்லுய்யா! வெறும் சொத்தைப் பல்லு! நேத்துலருந்து ஈறு வீங்கியிருக்கு, இதோ பாருங்க!" கைக்குட்டையை எடுத்துக் கன்னத்தைக் காட்டினார் இயக்குநர்.

கணிப்பு அதிகாரி அடக்கமாக முன்னால் வந்தாள். "எல்லாரும் ஏதாவது ஒரு காரணம் சொல்லத்தான் செய்வாங்க சார். காரணத்தைக் காதுல போட்டுக்கக் கூடாதுன்னு பயிற்சியில நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. வாங்க, கட்டில் ரெடியா இருக்கு."

மைக் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டில்தான் காலியாக இருந்தது. பின்பக்கம் முடிச்சுப் போடும் ஆஸ்பத்திரி அங்கியில் இயக்குநரைப் பார்க்க, பாவம், யாரோ ஒரு மாமா மாதிரி இருந்தார். ஊசி அக்கா வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுக் குத்தினார். குத்திய இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த இயக்குநர் மெதுவாகத் திரும்பினார்.

"மைக் சார், சுருக்கமான வகைன்னா... நிஜமா எவ்வளவு சுருக்கம்?"

"உங்களுக்குத் தெரியாதா சார்?"

"கூட்டமா இருந்தா தெரியும். எனக்கு ஒருத்தனுக்குன்னா... அது எப்படிங்க தெரியும்? யாருக்குத் தெரியும்?"

மைக் அண்ணனுக்குச் சிரிப்பும் வந்தது, இரக்கமும் வந்தது. சிரிப்பு தடை என்பதால் இரக்கத்தை மட்டும் வெளியே காட்டினார்.

"வீட்டுக்கு போன் பண்ணேன்" என்று தொடர்ந்தார் இயக்குநர். "என் மனைவி ரொம்ப அன்பா பேசறா."

"அதுதான் சார் ஆரம்பம்" என்றார் மைக் அண்ணன்.

இயக்குநருக்குக் குப்பென்று வேர்த்தது. உடனே அதிகாரியை வரவழைத்துப் படுத்தபடியே ஒரு சுற்றறிக்கை சொன்னார். பல் வலி உள்ளவர்களின் எண் கணக்கில் சேராது. அவர்களை உடனே வீட்டுக்கு அனுப்பலாம்.

"கை வீங்கினவங்க சார்?" மைக் அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

"கை விஷயத்துல போதுமான ஆதாரம் இல்லைங்க. ஒரு குழு போட்டு ஆராயணும். பல்லுல ஆதாரம் இருக்கு. எனக்கே வலிக்குதே!"

பல் டாக்டர் வந்து சொத்தையைப் பிடுங்கினார். இயக்குநர் அன்றே வீட்டுக்குப் போனார். போகிற அவசரத்தில் சுற்றறிக்கையை வார்டுப் பலகையில் ஒட்டச் சொல்லிவிட்டுப் போனார். அதுதான் அவர் அந்த வார்டுக்குச் செய்த ஒரே புண்ணியம்.

ஒருவர் கன்னத்தில் கை வைத்தார். அடுத்தவரும் வைத்தார். மறுநாள் காலையில் வார்டு முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தது. நீண்ட வகைக்காரர்கள்கூட விட்டுவைக்கவில்லை. பல் டாக்டர் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ரொட்டிக் கடைக்காரரிடம் வந்ததும் திகைத்தார்.

"உங்களுக்குத்தான் பல்லே இல்லையே?"

"இருந்த இடம் வலிக்குது டாக்டர்" என்றார் ரொட்டிக் கடைக்காரர் கண்ணீர் மல்க. பல் டாக்டரும் மனிதர்தானே. பல் வலி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அறுவை டாக்டர் ஊரில் இல்லாமல் அன்றுதான் திரும்பியிருந்தார். உள்ளே நுழைந்தவர், தன் நோயாளிகள் வரிசையாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விக்கித்து நின்றார். மைக் அண்ணனின் மனைவி ஓடிப்போய் அவரை மறித்தாள். கால்மாட்டுச் சீட்டைக் கிழித்துக் கையில் வைத்திருந்தாள்.

"டாக்டர், இது என்ன டாக்டர்? இவருக்குச் சுருக்கமாம். இதைப் பார்த்த நாள்லருந்து எனக்குச் சோறு இறங்கல. உண்மையைச் சொல்லுங்க."

டாக்டர் சீட்டைப் பார்த்தார். மைக் அண்ணனின் கைகளைப் பார்த்தார். வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் தாராளமாகப் பேசினார்.

"அம்மா, இந்த எண் பொய் இல்ல. ஆயிரம் பேரை நிக்க வச்சா எந்தப் பக்கம் சாயுதுன்னு சொல்லும். ஆனா இவர் ஒருத்தர். அதுவும் ஆபரேஷன் ஆன உடம்பு, குத்திக் குத்தி வீங்கின கை. இந்த வீக்கத்தை அளந்துட்டு அதுக்கு ஆயுள்னு பேரு வச்சிருக்காங்க. கட்டி முழுசா வந்துடுச்சுன்னு அன்னைக்கே சொன்னேனே?"

"அப்ப எவ்வளவு காலம்...?"

"தெரியாதும்மா. நல்லா இருப்பாருன்னுதான் நினைக்கிறேன். மூணு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, பார்ப்போம்."

மனைவி அந்தச் சீட்டை நான்காக மடித்தாள். மடிப்பு கோணலாக வந்தது. அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

மைக் அண்ணன் கன்னத்தில் வைத்த கையை எடுக்காமலே வெளியே வந்தார். வாசல் காவலாளி, "பல் வலியா? காலையிலருந்து எல்லாருக்கும் அதான்" என்று வழிவிட்டார். தெருவில் வெயில் நன்றாக அடித்தது. எதிரே பழக்கடை, சைக்கிள் கடை, ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு வேன். பக்கத்தில் மனைவி வாயைத் திறக்காமல் நடந்து வந்தாள். இன்னும் பஞ்சுக் குரல்தான் வருமோ என்று மைக் அண்ணனுக்குப் பயம். அறுவை டாக்டர் சொன்னதெல்லாம் சரி. இவள் என்ன நினைக்கிறாள் என்பதுதானே முக்கியம்?

நாற்சந்தி வரை வந்ததும் அவள் சட்டென்று நின்றாள்.

"பை எங்க?"

மைக் அண்ணன் தன் கையைப் பார்த்தார். நான்தான் தூக்குவேன் என்று அடம்பிடித்து வாங்கிய பை. அதைப் பல் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த மேஜைக்கடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

அவ்வளவுதான், மடை திறந்தது. "ஒரு பை! ஒரே ஒரு பை! அதைத் தூக்கிட்டு வரத் துப்பில்ல, மைக்கைப் பிடிச்சு ஊருக்கே வழி சொல்றாராம். அத்தனையும் நான் பெட்டி போட்டு மடிச்ச துணி. ஒழுகற கூரை ஓடுகளை மழைக்கு முன்னாடி மாத்துங்கன்னு சொன்னேன், அதுவும் மறந்தாச்சு. வர்ற மழைக்கு நீங்கதான் ஏறி மாத்தணும், சொல்லிட்டேன். கடைக்கு ஒரு போர்டு எழுதித் தர்றேன்னீங்க, அதுவும் அப்படியே கிடக்கு. கடவுளே, இன்னும் இருபது வருஷம் இந்த மனுஷனோட நான் எப்படித்தான் குப்பை கொட்டப் போறேனோ!"

தெருவில் போன இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மைக் அண்ணன் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"எத்தனை வருஷம்னு சொன்ன?"

"இருபது! ஏன், காதும் போயிடுச்சா?"

காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.